நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளியியல்: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். கேட்பவர் மாறினாலும் கேள்வி அதேதான் என்பதால், அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி வைக்க ஆரம்பித்தேன். நான் பார்த்தவரை, சூத்திரம் தெரியாமல் மதிப்பெண் இழந்தவர்கள் குறைவு. தெரிந்த சூத்திரம் இந்த இடத்தில் செல்லுமா என்று பார்க்காமல் இழந்தவர்களே அதிகம். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

மாறியை ‘ம’ என்று குறித்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் கோணங்கள் ரேடியனில்.

1. எல்லை மதிப்பு கேட்டா நேரா எண்ணைப் போட்டுப் பார்த்தா போதாதா?

பல சமயம் போதும். சார்பு அந்தப் புள்ளியில் தொடர்ச்சியாக இருந்தால் எல்லை மதிப்பும் சார்பின் மதிப்பும் ஒன்றே. தொடர்ச்சி என்பதன் வரையறையே அதுதான். பல்லுறுப்புக் கோவை, சைன், காஸ், அடுக்குக்குறிச் சார்பு ஆகியவற்றில் தயங்காமல் போடலாம்.

ஆனால் எல்லை கேட்கப்படுவது பெரும்பாலும் போட முடியாத இடத்தில்தான். (ம² − 4)/(ம − 2) என்ற சார்புக்கு ம = 2 இல் மதிப்பே கிடையாது. ம = 1.9 என்று போட்டால் 3.9 வருகிறது, 1.99 என்றால் 3.99, 2.01 என்றால் 4.01. இரண்டு பக்கமிருந்தும் 4-ஐ நெருங்குகிறது. அந்த 4 தான் எல்லை மதிப்பு. 2-இல் என்ன நடக்கிறது என்று எல்லை கேட்பதே இல்லை, அதன் அக்கம்பக்கத்தைத்தான் கேட்கிறது. மேலும் கீழும் உள்ள (ம − 2)-ஐ அடிப்பதற்கு நமக்கு உரிமை வருவதும் இதனால்தான்: அக்கம்பக்கத்தில் ம − 2 பூச்சியம் ஆவதில்லை.

2. 0/0 வந்தா விடை 0-ஆ, 1-ஆ, இல்ல “வரையறுக்கப்படவில்லை”ன்னு எழுதணுமா?

மூன்றும் அவசர விடைகள். ம பூச்சியத்தை நெருங்கும்போது 3ம/ம, ம²/ம, ம/ம³ மூன்றுமே 0/0 வடிவம்தான். முதலாவதன் எல்லை 3, இரண்டாவதன் எல்லை 0, மூன்றாவது கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. ஆகவே 0/0 என்பது விடை அன்று, “இன்னும் வேலை பாக்கி இருக்கிறது” என்ற அறிவிப்பு. பாடநூல் இதைத் தேரப்பெறாத வடிவம் என்கிறது. காரணிப்படுத்துங்கள், மூலக்குறி இருந்தால் இணையெண்ணால் பெருக்குங்கள், அல்லது தெரிந்த எல்லைகளுக்குக் கொண்டு வாருங்கள்.

3. அப்போ எல்லாத்துக்கும் லோபிதால் விதி போட்டுடலாமே?

மேலும் கீழும் தனித்தனியாக வகையிட்டு எல்லை காணும் விதி அது. 0/0 அல்லது ∞/∞ என்று உறுதி செய்தபின் மட்டும் போடலாம். ம பூச்சியத்தை நெருங்கும்போது (ம + 1)/(2ம + 3) என்ன என்று கேட்டால் விடை 1/3. நேராகப் போட்டாலே வந்துவிடும். பழக்கத்தில் மேலும் கீழும் வகையிட்டால் 1/2 என்று வரும், அது தவறு. இந்தத் தவறை ஒவ்வொரு தொகுதி மாணவர்களிடமும் பார்க்கிறேன். விதி 1696-இல் லோபிதால் வெளியிட்ட நூலில் அச்சேறியதால் அவர் பெயர் பெற்றது. கண்டுபிடித்தவர் ஜொஹான் பெர்னூலி.

இன்னொரு நுட்பம். சைன் ம/ம என்பதன் எல்லை 1 என்று ‘நிரூபிக்க’ இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது. சைனின் வகைக்கெழு காஸ் என்று கண்டதே அந்த எல்லையை வைத்துத்தான். விடையைச் சரிபார்க்க விதியைப் போடலாம், நிரூபணமாக அதை எழுத முடியாது.

4. சைன் ம/ம-வோட எல்லை 1-ன்னு சொல்றீங்க. என் கால்குலேட்டர்ல 0.01745 வருது. கால்குலேட்டர் தப்பா?

கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது. சைன் 1° = 0.017452, அதை 1-ஆல் வகுத்தால் அதே எண். இந்த எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: π/180 = 0.017453. அதாவது பாகையில் அளந்தால் எல்லை 1 ஆகாது, π/180 ஆகும். ரேடியனுக்கு மாற்றி 0.1 போட்டுப் பாருங்கள்: சைன் 0.1 = 0.099833, விகிதம் 0.99833.

நுண்கணிதம் முழுக்க ரேடியனைப் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான். பாகையிலேயே வேலை செய்தால் சைனை வகையிடும் ஒவ்வொரு முறையும் π/180 என்ற பெருக்கெண் கூடவே வரும்.

5. தொடர்ச்சியா இருந்தா வகையிட முடியும்தானே?

இல்லை. மறுதலைதான் உண்மை: வகையிட முடிந்தால் தொடர்ச்சி இருந்தே தீரும். |ம| என்ற மட்டுச் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். 0-இல் அது உடையவில்லை, பேனாவை எடுக்காமல் வரையலாம். ஆனால் இடப்பக்கச் சாய்வு −1, வலப்பக்கச் சாய்வு +1. இரண்டும் ஒத்துப்போகாததால் அங்கே வகைக்கெழு இல்லை.

ஒரு முனை, இரண்டு முனை என்று நின்றுவிடுவதும் இல்லை. எல்லாப் புள்ளியிலும் தொடர்ச்சியாக இருந்து, ஒரு புள்ளியில்கூட வகையிட முடியாத சார்பை 1872-இல் வயர்ஸ்ட்ராஸ் முன்வைத்தார். படம் வரைந்து பார்த்து நம்பும் பழக்கத்தின் மேல் கணித உலகம் சந்தேகப்படத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

6. 2-இன் அடுக்கில் ம இருந்தா, ம-வை முன்னாடி இறக்கி அடுக்கில் 1 குறைக்கணுமா?

கூடாது. அந்த விதி அடி மாறியாகவும் அடுக்கு மாறிலியாகவும் இருக்கும்போது மட்டும். இங்கே அடி 2 மாறிலி, அடுக்கு மாறி. வகைக்கெழு அதே சார்பு பெருக்கல் 2-இன் இயல் மடக்கை. அடி, அடுக்கு இரண்டுமே மாறியாக இருந்தால் முதலில் மடக்கை எடுத்துவிட்டுப் பிறகு வகையிடுங்கள்.

7. வகைக்கெழு 0 ஆச்சுன்னா அங்க பெருமமோ சிறுமமோ கண்டிப்பா இருக்கணுமே?

ம³-ஐப் பாருங்கள். 0-இல் வகைக்கெழு 0. ஆனால் வளைவரை ஏறிக்கொண்டே வந்து, ஒரு கணம் மட்டமாகி, மறுபடி ஏறுகிறது. உச்சமும் இல்லை, பள்ளமும் இல்லை. வகைக்கெழு 0 ஆவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது; அந்தப் புள்ளியைக் கடக்கும்போது அதன் குறி மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். + இலிருந்து − ஆனால் பெருமம், − இலிருந்து + ஆனால் சிறுமம், மாறாவிட்டால் இரண்டும் இல்லை.

இரண்டாம் வகைக்கெழுச் சோதனை வேகமானது, ஆனால் அது 0 என்று வந்துவிட்டால் எதுவும் சொல்லாது. ம⁴-க்கு 0-இல் இரண்டாம் வகைக்கெழு 0. அங்கே சிறுமம் இருக்கிறது. ம³-க்கும் 0, அங்கே ஒன்றுமில்லை. குறி மாற்றத்துக்கே திரும்பி வாருங்கள். |ம|-க்கு 0-இல் வகைக்கெழுவே இல்லாமல் சிறுமம் இருப்பதையும் (5-ஆம் கேள்வி) சேர்த்து நினைவில் வையுங்கள்.

8. வகைக்கெழு 0 ஆகிற இடம் எல்லாம் பார்த்துட்டேன். அப்பவும் மீப்பெரு மதிப்பு தப்புன்னு போட்டிருக்காங்க.

மூடிய இடைவெளி கொடுத்திருந்தால் முனைகளையும் பார்க்க வேண்டும். −2 முதல் 3 வரை ம³ − 3ம. வகைக்கெழு 3ம² − 3; அது 0 ஆவது ம = −1, ம = 1 என்ற இரண்டு இடங்களில். இனி நான்கு மதிப்புகளைக் கணக்கிடுங்கள்: ம = −2 இல் −2, ம = −1 இல் 2, ம = 1 இல் −2, ம = 3 இல் 18. மீப்பெரு மதிப்பு 18, அது முனையில் இருக்கிறது. மீச்சிறு மதிப்பு −2. அது ஒரு முனையிலும் ஓர் உட்புள்ளியிலுமாக இரண்டு இடத்தில் வருகிறது. முனையில் மலை முடிந்துவிடுவதில்லை, நம் இடைவெளிதான் முடிகிறது. அதனால் அங்கே சாய்வு 0 ஆக வேண்டிய அவசியம் இல்லை.

9. வார்த்தைக் கணக்குல எதை மாறியா எடுக்கறதுன்னே தெரியல. கணக்கைப் படிச்சதும் கை ஓடமாட்டேங்குது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். வகையிடுவது இந்தக் கணக்குகளில் கடைசி இரண்டு வரி வேலை. அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். எதைப் பெரிதாக்க அல்லது சிறிதாக்கச் சொல்கிறார்கள்? நம் கையில் எதை மாற்ற முடியும்? அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போகலாம்?

12 அலகு பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் சிறு சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்து மூடியில்லாத பெட்டி செய்கிறோம். கனஅளவு மிக அதிகமாக வேண்டும். பெரிதாக்க வேண்டியது கனஅளவு. நம் கையில் இருப்பது வெட்டும் சதுரத்தின் பக்கம். அதை ம என்போம். இரு புறமும் வெட்டுவதால் ம 6-க்குள் இருக்க வேண்டும், 0-க்கு மேலும் இருக்க வேண்டும். பெட்டியின் உயரம் ம, அடிப்பக்கம் 12 − 2ம, கனஅளவு ம(12 − 2ம)².

வகையிட்டால் (12 − 2ம)(12 − 6ம). இது 0 ஆவது ம = 6 அல்லது ம = 2. முதலிலேயே எல்லையை எழுதி வைத்ததால் 6-ஐத் தள்ள யோசிக்க வேண்டியதில்லை: 6 வெட்டினால் தகடே மிச்சமில்லை. ம = 2 இல் கனஅளவு 2 × 8 × 8 = 128. சந்தேகம் தீர அக்கம்பக்கம் போட்டுப் பாருங்கள்: ம = 1 என்றால் 100, ம = 3 என்றால் 108. இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும். அதைச் செய்த மாணவர் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகிறார்.

10. என் தொகையீட்டு விடையும் புத்தக விடையும் வேற வேற. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். 2 சைன் ம காஸ் ம என்பதைத் தொகையிட்டால் ஒருவருக்கு சைன்² ம வரும். இன்னொருவருக்கு −காஸ்² ம வரும். மூன்றாமவர் அதை சைன் 2ம என்று எழுதித் தொகையிட்டு −(1/2) காஸ் 2ம என்பார். மூன்றையும் திருப்பி வகையிடுங்கள், அதே சார்பு வரும். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 1. முதலுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் 1/2. அந்த வித்தியாசங்களை எல்லாம் உள்ளே வாங்கிக்கொள்வதுதான் கடைசியில் போடும் “+ மாறிலி”. அதை விட்டுவிட்டால் மூன்று நேர்மையான விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவது போல் ஆகிவிடும். அதனால்தான் அதற்கு மதிப்பெண் குறைக்கிறார்கள்.

11. வரையறுத்த தொகையீடு குறை எண்ணா வருது. பரப்பு எப்படிக் குறை எண் ஆகும்?

பரப்பு ஆகாது. தொகையீடு ஆகும். ∫ என்ற குறியை லைப்னிட்ஸ் 1675-இல் எழுதத் தொடங்கினார். ‘கூட்டுத்தொகை’ என்ற லத்தீன் சொல்லின் முதலெழுத்தை நீட்டி எழுதிய வடிவம் அது. கூட்டுத்தொகை என்றே நினைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை: அச்சுக்கு மேலே உள்ள பட்டைகள் + ஆகவும் கீழே உள்ளவை − ஆகவும் கூடுகின்றன. 0 முதல் 2π வரை சைனைத் தொகையிட்டால் மேலே +2, கீழே −2, மொத்தம் 0. அதே இடத்தில் ‘அடைபடும் பரப்பு’ என்று கேட்டால் π-இல் பிரித்து, இரண்டையும் மிகை எண்ணாக எடுத்து, 4 என்று எழுத வேண்டும். கேள்வியில் ‘தொகையீடு’ என்ற சொல் இருக்கிறதா, ‘பரப்பு’ என்ற சொல் இருக்கிறதா என்று அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

12. 1/ம²-ஐ −1 முதல் 1 வரை தொகையிட்டேன், −2 வந்தது. எங்க தப்பு?

விடையே காட்டிக்கொடுக்கிறது. 1/ம² எங்கும் அச்சுக்குக் கீழே வருவதில்லை. மேலே சொன்னபடி கூட்டுத்தொகை குறை எண்ணாக வர வழியில்லை. தவறு என்னவென்றால் நடுவில் ம = 0 இல் சார்பு எல்லையின்றிப் பெருகுகிறது. −1/ம என்ற எதிர்வகையீட்டில் இரு முனைகளையும் போட்டுக் கழிக்கும் முறை, இடைவெளி முழுவதும் சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் செல்லும். இந்தத் தொகையீட்டுக்கு முடிவுறு மதிப்பு இல்லை.

13. இரண்டு நாணயம் சுண்டினா இரண்டு தலை, ஒரு தலை, தலையே இல்லை. மூணு வாய்ப்பு. அப்போ ஒவ்வொண்ணும் 1/3தானே?

வாய்ப்புகளை எண்ணலாம், ஆனால் அவை சமவாய்ப்பு உடையவையா என்று கேட்டபின் எண்ண வேண்டும். ‘ஒரு தலை’ இரண்டு வழியில் வரும்: முதல் நாணயத்தில் தலை, அல்லது இரண்டாவதில் தலை. கூறுவெளியில் நான்கு விளைவுகள். நிகழ்தகவுகள் 1/4, 1/2, 1/4. நாணயங்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாலும் மாறாது. நமக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் அவை இரண்டு தனித்தனி நாணயங்கள்தான்.

இதில் தடுமாறியதற்கு வெட்கப்பட வேண்டாம். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல், இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது வரும் நிகழ்தகவு 2/3 என்று வாதிட்டார். முதலிலேயே தலை வந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே தலை, பூ‑தலை, பூ‑பூ என மூன்றே நிலை என்பது அவர் கணக்கு. முதல் நிலையின் நிகழ்தகவு 1/2, மற்ற இரண்டும் 1/4 என்பதை விட்டுவிட்டார். சரியான விடை 3/4.

14. பந்து எடுக்கிற கணக்குல வரிசை மாற்றமா, சேர்மானமா?

நிகழ்தகவு மட்டும் கேட்டால் எதுவானாலும் சரி, மேலும் கீழும் ஒரே முறையில் எண்ணினால் போதும். 5 சிவப்பு, 3 நீலப் பந்துகளில் 2 எடுக்கிறோம், இரண்டும் சிவப்பு. சேர்மானமாக 10/28. வரிசையோடு 20/56. இரண்டும் 5/14. மேலே வரிசையோடும் கீழே வரிசை இல்லாமலும் எண்ணியவர்களுக்கு 20/28 வரும். அதுதான் விடைத்தாள்களில் நான் அடிக்கடி திருத்துவது.

15. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்னா சார்பற்ற நிகழ்ச்சிகள்தானே? ரெண்டுக்கும் தொடர்பே இல்லையே.

கிட்டத்தட்ட நேர்மாறு. ஒன்று நடந்தால் மற்றது நடக்கவே முடியாது என்பதைவிட வலுவான தொடர்பு வேறென்ன இருக்க முடியும்? இரண்டின் நிகழ்தகவும் 0-க்கு மேல் இருந்தால், ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் ஒருபோதும் சார்பற்றவை ஆகா.

சார்பின்மையைப் பார்வையால் முடிவு செய்யாதீர்கள், பெருக்கிப் பாருங்கள். ஒரு பகடையில் ‘இரட்டை எண்’ என்பதன் நிகழ்தகவு 1/2, ‘2 அல்லது அதற்குக் கீழ்’ என்பது 1/3. இரண்டும் சேர்ந்து நடப்பது 2 விழுந்தால் மட்டும், அதாவது 1/6. 1/2 × 1/3 = 1/6, ஆகவே சார்பற்றவை. இப்போது ‘3 அல்லது அதற்குக் கீழ்’ என்று ஒரே ஓர் எண்ணைக் கூட்டுங்கள். சேர்ந்து நடப்பது இன்னும் 1/6தான், பெருக்கினால் 1/4. சார்பின்மை போய்விட்டது.

16. தொடர்ந்து அஞ்சு தடவை தலை விழுந்தா ஆறாவது பூ விழ வாய்ப்பு அதிகம்தானே?

இல்லை, அதே 1/2. நாணயத்துக்கு நினைவாற்றல் கிடையாது. நீண்ட காலத்தில் விகிதம் பாதியை நெருங்கும் என்று யாக்கோபு பெர்னூலி நிறுவியது (1713-இல் அச்சானது) உண்மை. ஆனால் அது முன்னால் விழுந்த தலைகளை ஈடுகட்டி நடப்பதில்லை. பின்னால் வரும் ஆயிரக்கணக்கான சுண்டல்களுக்கு நடுவே அந்த ஐந்து கரைந்துபோகிறது.

17. சோதனை 99% சரியா நோயைக் கண்டுபிடிக்கும்னா, ‘இருக்கு’ன்னு வந்தவருக்கு நோய் இருக்க நிகழ்தகவு 99%தானே?

இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டீர்கள். ‘நோய் உள்ளவருக்குச் சோதனை ஆம் என்னும் நிகழ்தகவு’ ஒன்று. ‘சோதனை ஆம் என்றவருக்கு நோய் இருக்கும் நிகழ்தகவு’ இன்னொன்று. நிபந்தனை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எல்லாம்.

சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு 10,000 பேரைக் கற்பனை செய்யுங்கள். கணக்கில் கொடுத்தது: 1% பேருக்கு நோய்; நோய் உள்ளவர்களில் 99% பேருக்குச் சோதனை ஆம் என்கிறது; நோய் இல்லாதவர்களில் 5% பேருக்கும் தவறாக ஆம் என்கிறது. நோய் உள்ளவர்கள் 100; அவர்களில் 99 பேருக்கு ஆம். நோய் இல்லாதவர்கள் 9,900. அவர்களில் 495 பேருக்கு ஆம். ஆம் என்று வந்தவர்கள் மொத்தம் 594. அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 99. 99/594 = 1/6. அதாவது 17 விழுக்காட்டுக்கும் குறைவு.

நோய் அரிது என்பதால் ஆரோக்கியமானவர்களின் கூட்டம் மிகப் பெரியது. பெரிய கூட்டத்தின் சின்னப் பிழை, சின்னக் கூட்டத்தின் பெரிய வெற்றியை மூழ்கடிக்கிறது. பேய்ஸ் தேற்றம் (பேய்ஸ் இறந்தபின் 1763-இல் வெளிவந்தது) செய்வதும் இந்த வகுத்தலைத்தான். பத்தாயிரம் பேரை வைத்து ஒரு முறை கையால் போட்டவர்களுக்குச் சூத்திரத்தில் எது மேலே, எது கீழே என்ற குழப்பம் வந்து நான் பார்த்ததில்லை.

18. ரெண்டு குழந்தை உள்ள வீட்டில் ஒன்று பெண்ணுன்னா, மற்றதும் பெண்ணா இருக்க நிகழ்தகவு 1/2-ன்னு எழுதினேன். விடை 1/3-ன்னு இருக்கு. ஏன்?

13-ஆம் பதிலின் நான்கு விளைவுகள் இங்கேயும் வருகின்றன: ஆண்‑ஆண், ஆண்‑பெண், பெண்‑ஆண், பெண்‑பெண். ‘குறைந்தது ஒன்று பெண்’ என்ற தகவல் முதலாவதை மட்டும் நீக்குகிறது. மிச்சம் மூன்று, அதில் ஒன்றுதான் சாதகம்: 1/3. ‘மூத்தது பெண்’ என்றால் மிச்சம் இரண்டு: 1/2.

உங்கள் 1/2-க்கும் ஒரு நியாயம் உண்டு. இரு குழந்தைகளில் ஒன்றைச் சமவாய்ப்பாகச் சந்தித்தோம், அது பெண்ணாக இருந்தது என்றால் விடை 1/2. பெண்‑பெண் வீட்டில் யாரைச் சந்தித்தாலும் பெண்தான், கலப்பு வீடுகளில் பாதி முறைதான் பெண். தகவல் நம் கைக்கு எப்படி வந்தது என்பதும் கணக்கின் பகுதி. அதைச் சொல்லாமல் விடும் கேள்வித்தாள்கள் மாணவர்களுக்கு அநியாயம் செய்கின்றன என்றே நினைக்கிறேன். ‘குறைந்தது’ என்ற சொல் இருந்தால் 1/3 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

19. தொடர்ச்சியான மாறியில் ஒரு குறிப்பிட்ட மதிப்புக்கு நிகழ்தகவு 0-ன்னா, அது நடக்கவே நடக்காதா?

நடக்கலாம். இங்கே நிகழ்தகவு என்பது அடர்த்திச் சார்பின் கீழுள்ள பரப்பு. ஒற்றைக் கோட்டுக்கு அகலம் இல்லை, அதனால் பரப்பு 0. அடர்த்தியின் உயரத்தை நிகழ்தகவு என்று எண்ண வேண்டாம். 0 முதல் 1/2 வரை சீராகப் பரவிய மாறிக்கு அடர்த்தி 2. நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது, அடர்த்தி தாண்டும்.

ஒரு முழுக் கணக்கு: 0 முதல் 3 வரை அடர்த்தி, ம²-இன் ஒரு மடங்கு. ம²-இன் தொகையீடு அங்கே 9, மொத்தப் பரப்பு 1 ஆக வேண்டும், ஆகவே அடர்த்தி ம²/9. மாறி 1-க்குள் இருக்கும் நிகழ்தகவு 1/27. சராசரிக்கு ம × ம²/9-ஐத் தொகையிட்டால் 81/36 = 2.25. எடை வலப்பக்கம் சாய்ந்திருப்பதால் சராசரி நடுவான 1.5-ஐத் தாண்டி வருவது சரிதான்.

20. திட்டவிலக்கத்தில் எதுக்கு வர்க்கம் எடுத்து மறுபடி மூலம் எடுக்கணும்? குறியை மட்டும் எடுத்துட்டுச் சராசரி பார்த்தா ஆகாதா?

ஆகும். அதற்குச் சராசரி விலக்கம் என்று பெயர். 3, 5, 6, 10 என்ற எண்களின் சராசரி 6. விலக்கங்கள் −3, −1, 0, 4. அப்படியே கூட்டினால் எப்போதும் 0, பயனில்லை. குறியை நீக்கிச் சராசரி எடுத்தால் 2. வர்க்கங்களின் கூட்டல் 26, பரவற்படி 6.5, திட்டவிலக்கம் ஏறத்தாழ 2.55.

வர்க்கத்தை விரும்புவதற்குக் காரணம் நுண்கணிதத்தில் இருக்கிறது. ஏதோ ஓர் எண்ணிலிருந்து விலக்கங்களின் வர்க்கக் கூட்டலைச் சிறிதாக்க வேண்டும் என்று வையுங்கள். வகையிட்டு 0-க்குச் சமப்படுத்தினால் அந்த எண் கூட்டுச் சராசரி என்று ஒரே வரியில் வந்துவிடும். மட்டு மதிப்புகளைக் கூட்டினால் 5-ஆம் கேள்வியில் பார்த்த முனைகள் வந்து வகையிடலைத் தடுக்கும். அதைச் சிறிதாக்குவது சராசரி அன்று, இடைநிலை அளவு. இன்னொரு காரணம், சார்பற்ற மாறிகளைக் கூட்டும்போது பரவற்படிகள் நேராகக் கூடுகின்றன. சராசரி விலக்கத்துக்கு அந்தக் குணம் இல்லை.

21. அப்போ மாறிகளைக் கழிச்சா பரவற்படியும் கழியுமா?

கழியாது, கூடும். கழித்தாலும் இரண்டின் நிலையின்மையும் சேர்ந்துதான் இருக்கும். திட்டவிலக்கம் 3, 4 உள்ள சார்பற்ற இரு மாறிகளின் வித்தியாசத்துக்குப் பரவற்படி 9 + 16 = 25, திட்டவிலக்கம் 5.

22. கால்குலேட்டர்ல திட்டவிலக்கத்துக்கு ரெண்டு பொத்தான் இருக்கு. எண்ணிக்கையால வகுக்கணுமா, ஒண்ணு குறைச்சு வகுக்கணுமா?

கையில் இருப்பது முழுமைத்தொகுதி என்றால் எண்ணிக்கையால் வகுங்கள். அது ஒரு மாதிரி மட்டுமே, அதை வைத்து முழுமைத்தொகுதியின் பரவற்படியை மதிப்பிடுகிறீர்கள் என்றால் ஒன்று குறைத்து வகுங்கள்.

ஏன் என்பதை மிகச் சிறிய தொகுதியில் கையால் பார்த்துவிடலாம். தொகுதியில் 1, 3 என்ற இரண்டே எண்கள். சராசரி 2, உண்மையான பரவற்படி 1. திருப்பி வைத்து இரண்டு எடுத்தால் நான்கு மாதிரிகள்: (1,1), (1,3), (3,1), (3,3). ஒவ்வொன்றிலும் தன் சராசரியிலிருந்து விலக்க வர்க்கக் கூட்டல் 0, 2, 2, 0. இரண்டால் வகுத்தால் 0, 1, 1, 0. இவற்றின் சராசரி 1/2, உண்மையில் பாதி. ஒன்றால் வகுத்தால் 0, 2, 2, 0. சராசரி 1, சரியாக உண்மை. முந்தைய பதிலுக்கு முந்தையதில் சொன்னதுதான் காரணம்: மாதிரியின் சராசரி அந்த மாதிரியின் வர்க்கக் கூட்டலை மிகச் சிறிதாக்கும் எண். உண்மைச் சராசரியிலிருந்து அளந்தால் கூட்டல் ஒருபோதும் அதைவிடக் குறையாது, இரு சராசரிகளும் ஒன்றாக இல்லாவிட்டால் பெரிதாகவே இருக்கும்.

23. ஈருறுப்புப் பரவலுக்குப் பதிலா இயல்நிலைப் பரவல் போடும்போது எதுக்கு 0.5 கழிக்கிறாங்க?

100 முறை நாணயம் சுண்டி 60 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு வேண்டும். சராசரி 50, திட்டவிலக்கம் 5. ஈருறுப்புப் பரவலில் 60 என்பது 59.5 முதல் 60.5 வரை அகலமுள்ள ஒரு பட்டை. அந்தப் பட்டையைச் சேர்க்க வேண்டுமானால் 59.5-இலிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் செய்தால் திட்ட மதிப்பு (சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி என்பது) 1.9, விடை 0.0287. உண்மையான ஈருறுப்பு விடை 0.0284. திருத்தம் செய்யாமல் 60-இலிருந்து தொடங்கியவருக்கு 0.0228 வரும், பாதிப் பட்டை காணாமல் போனதன் விலை அது. ‘60-க்கு மேல்’ என்று கேட்டால் 60.5-இலிருந்து தொடங்குங்கள்.

24. ஒட்டுறவுக் கெழு 0-ன்னா ரெண்டுக்கும் தொடர்பே இல்லைன்னு எழுதலாமா?

நேர்கோட்டுத் தொடர்பு இல்லை என்று எழுதலாம். −2, −1, 0, 1, 2 என்ற எண்களையும் அவற்றின் வர்க்கங்களான 4, 1, 0, 1, 4 என்பவற்றையும் எடுங்கள். ஒட்டுறவு சரியாக 0. ஆனால் முதல் எண் தெரிந்தால் இரண்டாவதை ஐயமின்றிச் சொல்லிவிடலாம். இதைவிட நெருங்கிய தொடர்பு கிடையாது. இடப்பக்கம் இறங்கியதும் வலப்பக்கம் ஏறியதும் ஒன்றையொன்று அடித்துவிட்டன, 11-ஆம் கேள்வியின் சைன் போல.

கெழு பெரிதாக இருந்தாலும் படம் வரையாமல் நம்ப வேண்டாம். பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973-இல் தலா 11 புள்ளிகள் கொண்ட நான்கு தொகுதிகளை வெளியிட்டார். நான்கிலும் சராசரிகள் ஒன்றுபோலவே, ஒட்டுறவு ஏறத்தாழ 0.816. வரைந்தால் ஒன்று கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள், ஒன்று வளைவு, ஒன்று கச்சிதமான நேர்கோடும் விலகி நிற்கும் ஒற்றைப் புள்ளியும், கடைசியில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் அடுக்கியிருக்க, தொலைவில் ஒரே ஒரு புள்ளி.